சொந்தப் பெயர், வெளியார் சர்வர்: டொமைன் மாற்றுப்பெயர் மக்கர் செய்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

டவுனில் அல்வாக் கடை, பத்தமடையில் பாய் வியாபாரம், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், குற்றாலத்தில் லாட்ஜ் என்று நெல்லைப் பக்கம் பலருக்கும் இப்போது சொந்தமாக ஒரு டொமைன் பெயர் இருக்கிறது. தளம் இருப்பது வேறெங்கோ: பிளாகரில், கிட்ஹப் பேஜஸில், ஷாப்பிஃபையில், கூகுள் சைட்ஸில். இரண்டையும் இணைப்பது டிஎன்எஸ் என்னும் இணையப் பெயரேட்டில் எழுதும் ஒரே ஒரு வரி. ‘இந்தப் பெயரைக் கேட்டு வந்தால் அந்தப் பெயரைப் போய்ப் பார்’ என்று சொல்லும் சி-நேம் பதிவு அது.

இந்த இணைப்புக்கு இரண்டு முனை உண்டு. ஒன்று பெயர்ப் பக்கம், அதாவது டிஎன்எஸ். மற்றது தளப் பக்கம், அதாவது ‘இந்தப் பெயரில் வருபவர்களுக்கு இந்தத் தளத்தைக் கொடு’ என்று ஹோஸ்டிங் பேனலில் சொல்லி வைப்பது. பிழைகளில் பெரும்பாலானவை ஒரு முனையை மட்டும் கட்டிவிட்டு மறுமுனையை விட்டதால் வருபவை. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் எந்த முனை அவிழ்ந்திருக்கிறது என்பதைத்தான் தேடுகிறோம்.

எடுத்துக்காட்டுக்குக் கடைபெயர்.இன் என்று எழுதியிருக்கிறோம். அங்கே உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டளைகளையும் முகவரிகளையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ‘மூன்று டபிள்யூ’ என்பது பெயருக்கு முன்னால் வரும் அந்த மூன்றெழுத்தும் புள்ளியும். அது இல்லாத வெறும் பெயரை ‘மொட்டைப் பெயர்’ என்று சொல்வோம்.

கை வைக்குமுன்: பதில் சொல்வது யார்?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் இதை அடியுங்கள்:

என்எஸ்லுக்கப் -டைப்=என்எஸ் கடைபெயர்.இன்

வரும் பதிலில் இரண்டு அல்லது நான்கு நேம்சர்வர் பெயர்கள் இருக்கும். உங்கள் டொமைனுக்கு உலகம் கேட்பது அவர்கள் பேச்சை மட்டுமே. பதிவு எழுத வேண்டிய பேனல் அவர்களுடையது. பெயரை ஒரு நிறுவனத்தில் வாங்கி, பிறகு யாரோ ஒரு டிசைனர் நேம்சர்வரைத் தன் பழைய ஹோஸ்டிங்குக்கு மாற்றியிருப்பார். நீங்கள் பெயர் வாங்கிய இடத்தில் லாகின் செய்து சி-நேம் எழுதி, சேமித்து, பச்சை டிக்கும் பார்த்திருப்பீர்கள். அந்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை. சில பேனல்கள் இதை எச்சரிக்கும், சில எச்சரிக்காது. ஆகவே மற்ற எதையும் சந்தேகிக்குமுன் இதை முடித்துவிடுங்கள்.

அடுத்து:

என்எஸ்லுக்கப் -டைப்=சிநேம் டபிள்யூடபிள்யூடபிள்யூ.கடைபெயர்.இன் 8.8.8.8

கடைசியில் உள்ள 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ். உங்கள் வீட்டு மோடம் பழைய பதிலை வைத்திருந்தாலும் இது தனியாகக் கேட்டுச் சொல்லும். இதே கேள்வியை 8.8.8.8 இருக்கும் இடத்தில் முதல் கட்டளையில் கிடைத்த நேம்சர்வர் பெயரைப் போட்டும் கேளுங்கள். நேம்சர்வரிடம் புதிய பதிலும் 8.8.8.8இடம் பழைய பதிலும் வந்தால் உங்கள் வேலை சரி, காத்திருக்க வேண்டியதுதான். இரண்டிலும் பழையதே வந்தால் நீங்கள் எழுதியது சேரவில்லை. கணினி இல்லாமல் செல்போன் மட்டும் இருந்தால் கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் உள்ள ‘டிக்’ பக்கம் இதே வேலையைச் செய்யும்.

“சைட்டே இல்லைங்கு”

குரோமில் ‘இந்தத் தளத்தை அணுக முடியவில்லை’ என்று வந்து, கீழே என்எக்ஸ்டொமைன் என்று முடியும் நீளமான குறியீடு இருந்தால், பெயருக்கு டிஎன்எஸ்ஸில் பதிலே இல்லை. ஹோஸ்டிங் பக்கம் போக வேண்டாம், குறை பெயர்ப் பக்கம்தான். பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்:

பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதினீர்களா? பெரும்பாலான பேனல்கள் டொமைனைத் தாமே பின்னால் சேர்த்துக்கொள்ளும். மூன்று டபிள்யூவை மட்டும் எழுத வேண்டிய இடத்தில் முழுப் பெயரை எழுதினால், பதிவு டபிள்யூடபிள்யூடபிள்யூ.கடைபெயர்.இன்.கடைபெயர்.இன் என்ற பெயரில் போய் உட்காரும். அப்படி இரட்டிப்பான பெயரை என்எஸ்லுக்கப்பில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் குறை அதுதான்.

இலக்குக் கட்டத்தில் இதன் மறுபக்கம் நடக்கும். சோன் கோப்பை (டொமைனின் எல்லாப் பதிவுகளும் உள்ள கோப்பு) நேரடியாகத் திருத்தும் பேனல்களில் இலக்கின் கடைசியில் ஒரு புள்ளி வேண்டும். ‘ஜிஎச்எஸ்.கூகுள்.காம்’ என்று புள்ளியில்லாமல் விட்டால் அது ஜிஎச்எஸ்.கூகுள்.காம்.கடைபெயர்.இன் ஆகிவிடும். சி-நேம் கேள்விக்கான பதிலில் வால் நீண்டிருந்தால் கடைசியில் புள்ளி வைத்துச் சேமியுங்கள். பேனல் புள்ளியை ஏற்காவிட்டால் அது தானே வைத்துக்கொள்ளும் வகை.

இலக்கில் ‘எச்டிடிபிஎஸ்’ தொடக்கமும் சாய்கோடும் இருக்கக் கூடாது. சி-நேம் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டுமே தவிர, தளத்துக்குள் இருக்கும் ஒரு பக்கத்துக்குக் காட்டாது. கிட்ஹப் பேஜஸில் இது அடிக்கடி தவறும்: தளம் ‘பயனர்பெயர்.கிட்ஹப்.ஐஓ சாய்கோடு கடை’ என்ற முகவரியில் இருந்தாலும் சி-நேம் இலக்கு பயனர்பெயர்.கிட்ஹப்.ஐஓ மட்டுமே. ரெப்போவின் (கிட்ஹப்பில் தளக் கோப்புகள் இருக்கும் இடம்) பெயர் வராது.

பதிவைச் சேர்க்குமுன்பே பெயரைத் திறந்து பார்த்துவிட்டால் இன்னொரு தாமதம் வரும். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலையும் டிஎன்எஸ் சர்வர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் பொது விவரம் சொல்லும் எஸ்ஓஏ பதிவின் கடைசி எண் தீர்மானிக்கிறது. அது 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள் வரை. ஆகவே முதலில் பதிவு, பிறகு நேம்சர்வரிடம் நேரடிக் கேள்வி, அதன்பின் பிரவுசர்.

மொட்டைப் பெயர், மூன்று டபிள்யூ, மெயில் எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் ஹூயிஸ் (பெயரின் பதிவு விவரம் காட்டும் தேடல்) பாருங்கள். நிலை என்னும் வரியில் ‘கிளையண்ட் ஹோல்ட்’ அல்லது ‘சர்வர் ஹோல்ட்’ இருந்தால் பெயரே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் புதுப்பிக்காதது அல்லது மின்னஞ்சல் சரிபார்ப்புக்குப் பதில் தராதது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, வாங்கிய 15 நாளுக்குள் சரிபார்ப்பு மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் நிறுத்தலாம் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. பெயரை வாங்கியபோது டிசைனரின் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் அந்த மெயில் அவருக்குத்தான் போயிருக்கும். பதிவு விவரத்தில் உரிமையாளரின் மெயிலும் கைபேசி எண்ணும் இருப்பதை இன்றைக்கே உறுதிசெய்யுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால் பத்து வருடப் பெயரையே இழக்க நேரிடும்.

“தொறக்கு, ஆனா நம்ம கடை இல்ல”

404 பக்கம், ‘இங்கே கிட்ஹப் பேஜஸ் தளம் இல்லை’ என்ற அறிவிப்பு, ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெற்றுப் பக்கம், சில சமயம் அதே சர்வரில் இருக்கும் வேறொருவர் கடை. இவையெல்லாம் டிஎன்எஸ் சரியாக இருப்பதற்கான அடையாளம். விருந்தாளி சரியான தெருவுக்கு வந்துவிட்டார், அவர் சொல்லும் பெயரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஐபி எண்ணில் (சர்வரின் இணைய எண்) ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கின்றன. பிரவுசர் கேட்கும் பெயரைப் பார்த்துத்தான் சர்வர் எந்தத் தளத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. சி-நேம் இந்தப் பெயரை மாற்றித் தராது. பிரவுசர் உங்கள் பெயரையே சொல்லும். அந்தப் பெயரை ஹோஸ்டிங்கில் பதிந்து வைக்க வேண்டும்.

கிட்ஹப்பில் ரெப்போவின் செட்டிங்ஸ், அதில் பேஜஸ், அதில் கஸ்டம் டொமைன். அங்கே பெயரை எழுதியதும் சி-நேம் என்ற பெயரில் ஒரு கோப்பு ரெப்போவில் உருவாகும். கணினியிலிருந்து தளத்தை முழுவதுமாக மறுபடி ஏற்றும்போது இந்தக் கோப்பு அழிந்தால் கஸ்டம் டொமைனும் போய்விடும். ‘நேத்து வரைக்கும் வந்துச்சு, புது விலைப்பட்டியல் ஏத்தினதும் போச்சு’ என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஏற்றும் கோப்புறைக்குள்ளேயே அந்தக் கோப்பை வைத்துவிட்டால் மறுபடி வராது.

பிளாகரில் ‘உங்கள் உரிமையைச் சரிபார்க்க முடியவில்லை, பிழை 12’ என்று வந்தால் இரண்டு சி-நேம் கேட்கிறது என்று பொருள். ஒன்று மூன்று டபிள்யூவுக்கு, ஜிஎச்எஸ்.கூகுள்.காம் நோக்கி. இன்னொன்று ஒரு குறுகிய புரியாத எழுத்துக் கோவைக்கு, கூகுள்ஹோஸ்டட்.காம் என்று முடியும் நீண்ட பெயரை நோக்கி. அந்த எழுத்துக் கோவை ஒவ்வொரு கணக்குக்கும் வேறு. அதைக் கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ஒன்றுக்கும் எல்லுக்கும் இடையே குழம்பி மணிக்கணக்காகத் தேடுவது இங்கேதான்.

ஷாப்பிஃபையில் மூன்று டபிள்யூவின் இலக்கு ஷாப்ஸ்.மைஷாப்பிஃபை.காம். எழுதிய பிறகு கடைப் பேனலின் டொமைன்ஸ் பகுதியில் இணைப்பைச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அமேசான் எஸ்3யில் ‘அப்படி ஒரு பக்கெட் இல்லை’ என்று வந்தால் பக்கெட்டின் (கோப்புகள் வைக்கும் பெட்டி) பெயரும் உங்கள் முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லை.

“மூணு டபிள்யூ போட்டா வருது, போடலைன்னா வர மாட்டேங்கு”

நம் ஊரில் இதை அலட்சியப்படுத்த முடியாது. அல்வா டப்பாவிலும் பில் புத்தகத்திலும் பஸ்ஸின் பின்புறத்திலும் அச்சடிப்பது மொட்டைப் பெயரைத்தான். மக்கள் அடிப்பதும் அதையே.

மொட்டைப் பெயருக்கு சி-நேம் எழுத முடியாததற்குக் காரணம் டிஎன்எஸ்ஸின் அடிப்படை விதி. 1987இல் வந்த ஆர்எஃப்சி 1034 என்னும் இணைய விதி ஆவணம் முதலே, ஒரு பெயருக்கு சி-நேம் இருந்தால் அதே பெயரில் வேறெந்த வகைப் பதிவும் இருக்கக் கூடாது. மொட்டைப் பெயரில் நேம்சர்வரைச் சொல்லும் என்எஸ், எஸ்ஓஏ இரண்டும் கட்டாயம் இருந்தாக வேண்டும். மெயில் வைத்திருந்தால், மெயில் போக வேண்டிய இடத்தைச் சொல்லும் எம்எக்ஸும் சரிபார்ப்பு வரிகளான டிஎக்ஸ்டியும் அங்கேதான் இருக்கும். பேனல் ‘ஏற்கெனவே பதிவு உள்ளது’ என்று மறுத்தால் அது சரியாக நடந்துகொள்கிறது. மறுக்காமல் ஏற்றுக்கொண்டால்தான் ஆபத்து. சி-நேம் மற்றப் பதிவுகளை மறைத்துவிடும். சிலருக்கு மெயில் வரும், சிலருக்குத் திரும்பும்.

வழிகள் நான்கு உண்டு. முதலாவது, ஹோஸ்டிங் தரும் ஐபி எண்களை ஏ பதிவாக (பெயரை நேராக எண்ணுக்குக் காட்டும் வரி) எழுதுவது. கிட்ஹப் பேஜஸுக்கு 185.199.108.153, 185.199.109.153, 185.199.110.153, 185.199.111.153 என்ற நான்கு. பிளாகருக்கு 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. ஷாப்பிஃபைக்கு 23.227.38.65. பெயர்க் கட்டத்தில் அட் குறியை மட்டும் போட வேண்டும். பெரும்பாலான பேனல்களில் மொட்டைப் பெயருக்கு அதுதான் அடையாளம். எழுதுமுன் ஹோஸ்டிங்கின் உதவிப் பக்கத்தில் எண் மாறவில்லையே என்று ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிளாகரில் இதோடு ‘ரீடைரக்ட் டொமைன்’ என்னும் சுவிட்சையும் போட வேண்டும், இல்லாவிட்டால் மொட்டைப் பெயர் 404 காட்டும்.

இரண்டாவது, ஏலியஸ் அல்லது ஏ-நேம் என்ற வகை உங்கள் டிஎன்எஸ் பேனலில் இருக்கிறதா என்று பார்ப்பது. வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண ஏ பதிவு போலத் தெரியும். உள்ளே நேம்சர்வரே இலக்குப் பெயரின் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுக்கும். டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் மொட்டைப் பெயரில் சி-நேமை ஏற்பதுபோல் ஏற்று, பின்னால் இதையே செய்கிறது. ஹோஸ்டிங் தன் எண்ணை மாற்றினாலும் நீங்கள் தொட வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயர் வாங்கிய நிறுவனத்தின் ஃபார்வர்டிங். மொட்டைப் பெயரை மூன்று டபிள்யூவுக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) முறையில் அனுப்பும். இதில் கவனிக்க வேண்டியது பூட்டு, அதாவது எச்டிடிபிஎஸ். பல ஃபார்வர்டிங் சேவைகள் எச்டிடிபிஎஸ்ஸில் பதில் சொல்வதில்லை. கியூஆர் கோடில் ‘எச்டிடிபிஎஸ் கடைபெயர்.இன்’ என்று அச்சடித்திருந்தால் வாடிக்கையாளர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்காவது, நேம்சர்வரையே இரண்டாவது வகை வசதி உள்ள இடத்துக்கு மாற்றுவது.

எங்கள் பரிந்துரை: ஹோஸ்டிங் நிலையான எண் தந்தால் முதல் வழி. அதே பெயரில் மெயிலும் ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு நான்காவதுக்குப் போகாதீர்கள்.

ஒருமுறை கடையும் ஒருமுறை ‘இந்தப் பெயர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்ற விளம்பரப் பக்கமும் மாறி மாறி வருகிறதா? பெயர் வாங்கியபோது தானாக வந்த பழைய ஏ பதிவு நீக்கப்படாமல் புதியதோடு சேர்ந்து இருக்கிறது. டிஎன்எஸ் இரண்டையும் தரும், பிரவுசர் ஏதோ ஒன்றை எடுக்கும். பழையதை நீக்குங்கள்.

“சைட்டு வந்துட்டு, மெயில் நின்னுட்டு”

சி-பேனல் என்னும் நிர்வாகப் பேனல் உள்ள பழைய ஹோஸ்டிங்கில் மெயிலை வைத்துக்கொண்டு தளத்தை மட்டும் வெளியே கொண்டுபோனவர்களுக்கு வருவது. சி-பேனலில் இயல்பாக எம்எக்ஸ் பதிவு மொட்டைப் பெயரையே காட்டும். மெயில்.கடைபெயர்.இன் என்பதும் மொட்டைப் பெயருக்கு சி-நேமாக இருக்கும். மொட்டைப் பெயரின் ஏ பதிவை கிட்ஹப்புக்கோ ஷாப்பிஃபைக்கோ மாற்றிய கணத்தில் இவை இரண்டும் சேர்ந்தே அங்கே போய்விடுகின்றன. அங்கே மெயில் சர்வர் கிடையாது.

சரிசெய்யும் வரிசை முக்கியம். பழைய சர்வரின் ஐபி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயில் என்ற பெயரில் இருக்கும் சி-நேமை நீக்கி, அதே பெயரில் அந்த எண்ணுக்கு ஏ பதிவு எழுதுங்கள். பிறகு எம்எக்ஸின் இலக்கை மெயில்.கடைபெயர்.இன் என்று மாற்றுங்கள். எம்எக்ஸ் காட்டும் பெயர் சி-நேமாக இருக்கக் கூடாது என்பதால்தான் முதலில் ஏ பதிவு. உங்கள் பெயரில் எந்தச் சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் என்னும் டிஎக்ஸ்டி வரியில் ‘ஏ’ என்று மட்டும் இருந்தால் அதுவும் புதிய தளத்தின் எண்ணைக் குறிக்கும். பழைய சர்வரின் எண்ணை அதில் வெளிப்படையாகச் சேருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் பில்கள் வாங்குபவரின் ஸ்பாமில் விழும். இதையெல்லாம் மொட்டைப் பெயரை மாற்றுவதற்கு முந்தின நாளே முடித்துவிட்டால் ஒரு மெயிலும் தவறாது.

நேம்சர்வரையே மாற்றியபின் மெயில் நின்றால் காரணம் வேறு: புதிய இடத்தில் எம்எக்ஸும் டிஎக்ஸ்டியும் எழுதப்படவில்லை. மாற்றுமுன் பழைய சோனின் எல்லா வரிகளையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வையுங்கள். மாற்றியபின் பழைய பேனல் திறக்காமல் போகக்கூடும்.

“பாதுகாப்பில்லன்னு காட்டுது”

எச்சரிக்கைப் பக்கத்தில் எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழ் யார் பெயருக்கு என்று பாருங்கள். ஹோஸ்டிங்கின் சொந்தப் பெயருக்கு இருந்தால் உங்கள் பெயருக்கு இன்னும் சான்றிதழ் வாங்கப்படவில்லை. பெயரைச் சேர்த்தபின் சில நிமிடத்திலும் வரும், கிட்ஹப்பில் 24 மணி நேரம் வரையும் ஆகும். ஒரு நாள் தாண்டியும் வராவிட்டால் பார்க்க வேண்டியது மூன்று இடம்.

முதலாவது சிஏஏ பதிவு. ‘எங்கள் பெயருக்கு இந்த நிறுவனம் மட்டுமே சான்றிதழ் தரலாம்’ என்று சொல்லும் வரி அது. பழைய ஹோஸ்டிங் எழுதி வைத்திருக்கும். மூன்று டபிள்யூவில் இல்லாவிட்டாலும் மொட்டைப் பெயரில் இருந்தால் கீழேயும் செல்லும். கிட்ஹப் போன்றவை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவசச் சான்றிதழ் அமைப்பில் வாங்குவதால் லெட்ஸ்என்கிரிப்ட்.ஆர்க் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். சிஏஏ பதிவே இல்லாவிட்டால் தடையும் இல்லை.

இரண்டாவது, மறந்துபோன ஏஏஏஏ பதிவு, அதாவது புதுவகை நீண்ட எண்ணான ஐபிவி6. ஏ பதிவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஏஏஏஏவை விட்டுவிட்டால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 வழியை முதலில் பிடித்துப் பழைய சர்வருக்குப் போய்த் தோற்றுத் திரும்பும். மூன்றாவது, வருகையைத் தன் வழியே திருப்பும் கிளவுட்ஃபிளேரின் ஆரஞ்சு மேகம். அது எரியும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிளவுட்ஃபிளேரின் எண்தான் தெரியும், ஹோஸ்டிங்கால் உங்கள் பெயரைச் சரிபார்க்க முடியாமல் போகலாம். சாம்பல் ஆக்கிச் சான்றிதழ் வந்தபின் வேண்டுமானால் திரும்பப் போடுங்கள்.

கோபத்தில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். ஒரே பெயருக்கு ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் 5 முறை சரிபார்ப்புத் தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் கொஞ்ச நேரம் கதவை மூடும்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று எச்சரிக்கை வந்தால், இடையில் யாரோ டிஎன்எஸ்ஸைத் தொட்டிருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். பழையது தீரும்வரை குறை தெரியாது, புதுப்பிக்கும்போதுதான் தெரியும். டாட் ஆப், டாட் டெவ் பெயர்களில் பிரவுசர் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கவே திறக்காது. அவற்றில் சான்றிதழ் வருமுன் விளம்பரம் செய்யாதீர்கள்.

“சுத்திக்கிட்டே கெடக்கு”

‘அதிகமாகத் திருப்பிவிடுகிறது’ என்ற பிழை. கிளவுட்ஃபிளேர் இடையில் இருந்தால் எஸ்எஸ்எல் அமைப்பு ‘ஃபிளெக்சிபிள்’ ஆக இருக்கிறதா பாருங்கள். அது ஹோஸ்டிங்கைச் சாதா எச்டிடிபியில் கேட்கும், ஹோஸ்டிங் ‘எச்டிடிபிஎஸ்ஸில் வா’ என்று திருப்பும், மறுபடி அதே. ‘ஃபுல் ஸ்டிரிக்ட்’ என்று மாற்றினால் நிற்கும். கிளவுட்ஃபிளேர் இல்லையென்றால், ஃபார்வர்டிங் மொட்டையிலிருந்து மூன்று டபிள்யூவுக்கும், ஹோஸ்டிங்கின் முதன்மைப் பெயர் மூன்று டபிள்யூவிலிருந்து மொட்டைக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒன்றை முதன்மையாக வைத்து மற்றதன் திருப்பலை எடுத்துவிடுங்கள்.

பிழை 1014 வந்தால் உங்கள் சி-நேம் காட்டும் இலக்கு வேறொருவரின் கிளவுட்ஃபிளேர் கணக்கில் இருக்கிறது. அவர் பக்கத்தில் உங்கள் பெயரை அனுமதித்தாலன்றி நடக்காது.

“எனக்கு வருது அண்ணாச்சி, அவுகளுக்கு வரலையாம்”

ஒரு பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை டிடிஎல் சொல்கிறது. சி-பேனலின் வழக்கமான எண் 14400, அதாவது நான்கு மணி நேரம். நீங்கள் மாற்றியதற்குச் சற்று முன்னால் யாராவது கேட்டிருந்தால் அவருடைய நெட்வொர்க்குக்குப் பழைய பதில் அந்த நான்கு மணி நேரமும் நிற்கும். மாற்றும் நாளுக்கு முந்தின நாளே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் மாறுவார்கள். எல்லாம் ஓடியபின் 3600க்கு ஏற்றிவிடலாம். நேம்சர்வரை மாற்றினால் கணக்கு வேறு: டாட் காம் பெயர்களின் நேம்சர்வர் தகவல் இரண்டு நாள் வரை நினைவில் நிற்கும், அதைக் குறைக்க உங்களால் முடியாது. ஆகவே ஆனித் தேரோட்டத்துக்கும் தீபாவளிக்கும் குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கும் முந்தின வாரத்தில் நேம்சர்வரைத் தொடாதீர்கள். பழைய ஹோஸ்டிங்கையும் ஒரு வாரமாவது உயிரோடு வையுங்கள்.

இரண்டு நாள் கழிந்தும் ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வரவில்லை என்றால் நினைவைக் குறை சொல்ல வேண்டாம். ஜியோ போன்ற செல்போன் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஐபிவி6 வழியே போகின்றன, வீட்டு பிராட்பேண்டில் பல இடங்களில் ஐபிவி4 மட்டும். செல்போனில் பழைய தளமும் பிராட்பேண்டில் புதிய தளமும் வந்தால் மேலே சொன்ன பழைய ஏஏஏஏ பதிவுதான் காரணம். நீக்கினால் தீரும்.

உங்கள் ஒரு கணினியில் மட்டும் பழையது வந்தால் கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக் சாய்கோடு ஃபிளஷ்டிஎன்எஸ்’ கொடுங்கள். அப்போதும் மாறாவிட்டால் விண்டோஸின் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி கோப்புறையில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டியபோது சோதனைக்காக எழுதி அழிக்க மறந்த வரி அங்கே கிடக்கும்.

“நம்ம பேரைப் போட்டா வேற பேருக்கு ஓடுது”

சி-நேம் முகவரிப் பட்டையை மாற்றாது. பட்டையில் பெயர் மாறுகிறது என்றால் திருப்புவது தளம்தான். ஹோஸ்டிங் பேனலில் உங்கள் பெயரை ‘முதன்மை டொமைன்’ ஆக்குங்கள். வேர்ட்பிரஸ் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் இரண்டு முகவரிக் கட்டங்களிலும் புதிய பெயர் இருக்க வேண்டும்.

பெயர் மாறவில்லை, ஆனால் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் பட்டையில் முகப்புப் பெயரே நிற்கிறது, செல்போனில் எழுத்து எறும்பு அளவில் தெரிகிறது, பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நிற்கிறது என்றால் யாரோ ‘மாஸ்க்கிங்’ வகை ஃபார்வர்டிங்கைப் போட்டிருக்கிறார்கள். அது உங்கள் தளத்தை ஒரு சட்டத்துக்குள் அடைத்துக் காட்டுகிறது. பேமெண்ட் கேட்வேக்கள் பாதுகாப்புக் கருதிச் சட்டத்துக்குள் திறக்க மறுக்கும். மாஸ்க்கிங்கை நீக்கிவிட்டு முறையான சி-நேம் எழுதுங்கள்.

“தமிழ்ப் பேரு வாங்கினேன், எடுக்க மாட்டேங்கு”

டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர்கள் உண்டு. டிஎன்எஸ்ஸுக்குள் அவை எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு இடைக்கோடு வரும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கும். ஹோஸ்டிங் பேனல் தமிழை ஏற்காவிட்டால் அந்தக் கோவையைக் கொடுங்கள். பெயர் வாங்கிய ரசீதில் அது இருக்கும்.

தமிழ்ப் பெயரை வேறொரு மாற்றியில் போட்டபோது ரசீதில் இல்லாத வேறு கோவை வந்தால் எழுத்தைப் பாருங்கள். கௌ என்பதை ஔகாரக் குறியோடு அடிப்பதும், கெ அடித்துப் பின்னால் ள சேர்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு பெயர். கெளரி என்று பதிந்துவிட்டு கௌரி என்று தேடினால் கிடைக்காது. இப்படிப்பட்ட எழுத்து பெயரில் இருந்தால் இரண்டு வடிவத்தையும் வாங்க முடிந்தால் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பலாம்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு, எங்கயும் தொறக்கல”

என்எஸ்லுக்கப்பில் ‘சர்வர் ஃபெயில்ட்’ வந்து, நேம்சர்வரிடம் நேரடியாகக் கேட்டால் மட்டும் பதில் வந்தால் டிஎன்எஸ் பதிலுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக்கைச் சந்தேகியுங்கள். பழைய நேம்சர்வரில் அதைப் போட்டிருந்து, மாற்றியபோது பெயர் வாங்கிய நிறுவனத்தில் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிஎஸ் பதிவை எடுக்காமல் விட்டால், கையெழுத்து ஒத்துப்போகாமல் 8.8.8.8 போன்றவை பதிலையே மறுத்துவிடும். டிஎஸ்ஸை நீக்குங்கள். புதிய இடத்தில் டிஎன்எஸ்செக்கை இயக்கி அவர்கள் தரும் புதிய டிஎஸ்ஸைப் பிறகு சேர்க்கலாம்.

“நம்ம பேர்ல சூதாட்ட சைட்டு வருது”

இதை அவசர வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தளத்தை ஹோஸ்டிங்கில் அழித்துவிட்டு சி-நேமை மட்டும் விட்டிருந்தால், அந்த முனை காலியாகக் கிடக்கிறது. அதே ஹோஸ்டிங்கில் வேறொருவர் கணக்குத் திறந்து உங்கள் பெயரைத் தன் தளத்துக்குப் பதிந்துகொள்ள முடியும். உங்கள் பெயரில் சான்றிதழும் அவருக்குக் கிடைக்கும். தீபாவளிச் சலுகைக்கென்று போன வருடம் போட்ட ஆஃபர்.கடைபெயர்.இன் போன்ற துணைப் பெயர்களில்தான் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உடனே அந்த சி-நேமை நீக்குங்கள். பிறகு சோனில் உள்ள ஒவ்வொரு சி-நேமையும் எடுத்து, அதன் மறுமுனையில் உங்கள் தளம் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நட்சத்திரக் குறி போட்ட வைல்ட்கார்டு பதிவு இருந்தால் அதையும் எடுங்கள். அது நீங்கள் நினைத்தே பார்க்காத பெயர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து வைக்கிறது. கிட்ஹப்பில் கணக்கின் செட்டிங்ஸ், பேஜஸ் பகுதியில் டொமைனைச் சரிபார்க்கும் வசதி உண்டு. அது தரும் டிஎக்ஸ்டி வரியை எழுதி வைத்துவிட்டால் உங்கள் பெயரை வேறு கணக்கில் பதிய முடியாது. சரிபார்த்தபின் அந்த வரியை நீக்காதீர்கள். கூகுள் சர்ச் கன்சோலில் யாராவது புதிதாக உரிமையாளராகச் சேர்ந்திருந்தால் அவரையும் நீக்குங்கள்.

இனி ஒரு தளத்தை மூடும்போது வரிசை தலைகீழ்: முதலில் சி-நேமை நீக்கி, டிடிஎல் தீரும்வரை விட்டு, அதன்பிறகே ஹோஸ்டிங்கில் தளத்தை அழியுங்கள்.